பொடிச் சுரங்கள்

அன்று ரயில்வே பணிமனை பேண்டின் ஒத்திகைக் கூடத்தில் இருந்தவர்கள்: பேண்ட் மாஸ்டர் எப்சிபா; அவரிடம் நான்கு ஆண்டுகளாக இசை எழுதப் பயிலும் நல்லதம்பி, மாஸ்டரைவிடப் பதினொரு வயது மூத்த பணிமனை வரைபடக்காரர்; பணிமனையில் லேத் ஓட்டுபவரும் பேண்டில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிப்பவருமான சூசைமரியான்; டிரம்பெட் ஜமால்; இன்னும் பதினெட்டு வாத்தியக்காரர்கள். அந்தப் பதினெட்டுப் பேரைப் பற்றி, நன்றாக வாசிப்பவர்கள் என்பது போதும்.

சூசைமரியானின் நாற்காலிக்கடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் பேண்டின் சிவப்புக் கோட்டு. முன்பல் விழுந்து செயற்கைப் பல் கட்டிய நாள் முதல் அவருக்கு மேல் சுரங்கள் உடைந்துகொண்டிருந்தன. இன்றும் உடைந்தால் கோட்டை வாசலருகே உள்ள அலமாரியில் வைத்துவிட்டு பேண்டை விட்டே போய்விடுவதாகச் சொல்லித்தான் உட்கார்ந்தார்.

“புதுப் பல்லுக்கு இன்னும் இசை பிடிபடலை, மாஸ்டர்.”

“நமக்கே பிடிபட இருபது வருஷம் ஆச்சு,” என்றார் ஜமால். “பல்லுக்கு என்ன அவசரம்ணே?”

ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டது ஓர் இத்தாலிய இசைநாடகத்தின் இறுதிக் காட்சி. மகன் கப்பலேறிப் போகிறான். துறைமுகத்தில் தாய் தனியே நின்று பாடுகிறாள். அதை பேண்டுக்கு மாற்றி எழுத நல்லதம்பிக்கு ஏழு மாதம் பிடித்தது. வயலின்களின் நடுக்கத்தைக் கிளாரினெட்டுகளுக்குப் பங்கிட்டிருந்தார், ஒரு வரிசை மூச்சு வாங்கும்போது மறு வரிசை தாங்கும்படியாக. தாயின் குரலை யூஃபோனியத்துக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாஸ்டரின் முடிவு.

முதல் ஆறு பக்கங்களில் மாஸ்டர் ஒருமுறைதான் நிறுத்தினார்.

“கிளாரினெட்டைப் பிரிச்ச விதம் எனக்கு வந்திருக்காது, நல்லதம்பி சார்.”

நான்கு ஆண்டுகளில் அவர் கேட்ட முதல் பாராட்டு அது. நல்லதம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஏழாம் பக்கத்தில் தாயின் உச்சச் சுரம். அது முழுமையாக, பிசிறில்லாமல் வந்தது. ஆனால் அதை வாசித்தவர் சூசைமரியான் அல்ல. ஜமாலும் ஒரு சாக்ஸஃபோனும் முதல் கிளாரினெட்டும் சேர்ந்து வாசித்திருந்தார்கள். யூஃபோனியம் மடியில் கிடந்தது. சூசைமரியான் குனிந்து பையை வெளியே இழுத்தார்.

ஷிப்ட் மாறி ஒருவர் வர இயலாது போனால் அடுத்தவர் வாசித்துக்கொள்ளட்டும் என்று, அவருடைய பகுதியைப் பிறர் தாளில் பொடியாக எழுதிவைப்பது அந்த பேண்டின் வழக்கம். நல்லதம்பி சூசைமரியானின் பகுதியை மூன்று தாள்களில் எழுதிவைத்திருந்தார்.

மாஸ்டர் பேண்டை நடத்தும் கோலைக் கீழே வைத்தார்.

“அண்ணன் வந்துதானே இருக்கார்?”

“கை கொடுக்கலாமேன்னுதான், மாஸ்டர்,” என்றார் ஜமால்.

நல்லதம்பி எழுந்தார். “குறை எங்கேன்னு நீங்க சொல்லணும், மாஸ்டர். ஒரு சுரம்கூடத் தப்பலையே.”

“மூலத்தை எடுங்க. இந்த இடத்துல மேடையில எத்தனை பேர்?”

“அவ ஒருத்திதான்.”

“உச்சத்துக்கு முன்னால என்ன போட்டிருக்கு?”

நல்லதம்பி பார்த்தார். மௌனக் குறியின் மேல் ஒரு வளைவு, அதனடியில் ஒரு புள்ளி. கோல் இறங்கும்வரை எல்லோரும் நில் என்று பொருள்.

“நிறுத்தக் குறி, மாஸ்டர். பாடுறவ தன்னைத் திடப்படுத்திக்க. பேண்டுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

மாஸ்டர் ஒரு ரப்பரையும் பென்சிலையும் அவரிடம் நீட்டினார்.

நல்லதம்பி நாற்காலி நாற்காலியாகப் போனார். மூன்று தாள்களில் பொடிச் சுரங்களை அழித்தார். எல்லாத் தாள்களிலும் வளைவும் புள்ளியும் போட்டார். வரைபடக்காரரின் கை, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லை. கடைசியாகச் சூசைமரியானின் தாளில் போட்டபோது, சூசைமரியான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆறாம் பக்கத்திலேருந்து,” என்றார் மாஸ்டர்.

வாசித்தார்கள். அந்த மௌனம் வந்தது. கோல் உயர்ந்து நின்றது. ஜமால் டிரம்பெட்டை முழங்காலில் ஊன்றியிருந்தார். வெளியே ஷண்டிங் எஞ்சின் ஒன்று வந்து, பெட்டிகளை இடித்துக் கோத்துக்கொண்டு போயிற்று. கோல் அசையவில்லை. சூசைமரியான் இருமுறை வாய் வைத்து எடுத்தார். மூன்றாம் முறை மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். கோல் இறங்கியது. முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு ஓர் உடைசல். அதற்குப் பின் அந்தச் சுரம், மெலிந்து, நேராக, தனியே நின்றது. கிளாரினெட்டுகள் அதன் அடியில் வந்து சேர்ந்தன.

காட்சி முடியும்வரை நல்லதம்பி உட்காரவில்லை.

“ஞாயித்துக்கிழமைக்கு இது இருக்கட்டும்,” என்றார் மாஸ்டர்.

“அன்னிக்கு அந்தச் சுரம் வராமப் போனா, மாஸ்டர்?” என்றார் நல்லதம்பி.

“வர்ற வரைக்கும் கோலை இறக்க மாட்டேன்.”

சூசைமரியான் யூஃபோனியத்தின் ஊதுவாயைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கோட்டோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அலமாரியைத் தாண்டி வெளியே நடந்தார்.