கழியில் மாட்டிய ஆவுளியாக் குட்டி

மாதா கோயிலுக்குக் கீழே, கடலை ஒட்டி, கடல்நீர் தேங்கும் ஒரு கழி இருந்தது. கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. அமாவாசை அன்று கடல் ஏறி வந்தபோது, மிதந்துபோன புல்லைத் துரத்திக்கொண்டு ஓர் ஆவுளியாக் குட்டி அந்தத் திட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. புல்லைத் தின்று முடித்துத் திரும்பிப் பார்த்தால் தண்ணீர் வடிந்துவிட்டது. திட்டு மேலே எழும்பி நின்றது. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் குட்டி.

ஆவுளியா என்றால் கடற்பசு. மீனைப்போல் நீந்தும், மாட்டைப்போல் மேயும். இந்தக் குட்டி பால் மறந்து, கடலுக்கடியில் முளைக்கும் புல்லை மேயப் பழகியிருந்தது. ஆனால் கழியின் அடியில் புல் ஏது? வெறும் மணல்தான்.

குட்டி அழுத சத்தம் முதலில் சலேத்தின் காதில் விழுந்தது.

சலேத் ஒரு வெள்ளாடு. யாரோ நேர்ந்துகொண்டு கோயிலுக்கு இழுத்து வந்த ஆடு. ஊருக்கே சோறு போடும் அசன விருந்துக்குக் கறியாக வேண்டியவள். அன்று அவள் மரத்தடியில் நடுங்கிக்கொண்டே, "ஆண்டவரே, என்னைப் பாரும்" என்று வேண்டினாள். பங்குத்தந்தை வந்து அவள் கண்ணைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, கயிற்றை அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து சலேத்துக்கு ஜெபத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை.

அவள் கழிக்கரைக்கு ஓடினாள்.

"அழாதே பிள்ளை. நான் வேண்டுகிறேன். ஆண்டவர் இன்றைக்கே திட்டைப் பிளந்து வழிவிடுவார், பார்."

முன்னங்கால்களை மடித்து, கண்ணை மூடி, பொழுது சாயும்வரை வேண்டினாள். திட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் வேண்டினாள். அப்போதும் அப்படியே.

அந்த வழியாக ஒரு மஞ்சள் பூனை வந்தது. பக்கத்தில் ஒரு மண்டபம் உண்டு. அங்கே வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று முகாம் நடத்துவார்கள். அந்த மண்டபத்தில் வளர்ந்த பூனை. சமையல்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மேனேஜர்.

"என்ன அக்கா, குட்டி இங்கே கிடக்கிறது?" என்று மேனேஜர் கேட்டது.

சலேத் சொன்னாள்.

"இதற்கா இவ்வளவு வருத்தம்? பிரபஞ்சத்துக்குச் சொன்னால் போதுமே. நம் மனதில் ஓடுவதை அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை அனுப்பிவிடும்."

"ஆண்டவரைச் சொல்கிறாயா?"

"அவர் வேறு அக்கா. அவரிடம் கெஞ்ச வேண்டும். பிரபஞ்சத்திடம் ஆர்டர் கொடுத்தால் போதும். நானே சாட்சி. தினமும் விடிந்ததும் கண்ணை மூடி மீனை நினைப்பேன். திறந்தால் மீன் வந்திருக்கும்."

மேனேஜர் பொய் சொல்லவில்லை. விடிந்ததும் படகுகள் கரைக்கு வரும், வலை உதறுவார்கள், பொடி மீன் மணலில் சிதறும். பூனை அதற்கும் தன் நினைப்புக்கும் முடிச்சுப் போட்டிருந்தது.

அதற்குக் குட்டியின் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. தண்ணீர் ஓரமாகக் குனிந்து பேசியது.

"கண்ணை மூடு செல்லம். நீ கடலில் இருக்கிறாய். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அப்படியே நினை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் குட்டையில் எதையும் வாயில் வைக்காதே. வைத்தால், 'எனக்கு இந்த இடமே போதும்' என்று நீ சொன்னதாகப் பிரபஞ்சம் எழுதிக்கொள்ளும்."

குட்டிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டது.

நாட்கள் போயின. கடல் வரவில்லை. குட்டியின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. மேனேஜர் தினமும் வந்து பார்க்கும்.

"ஏன் இன்னும் வரவில்லை மாமா?" என்று குட்டி ஒருநாள் கேட்டது.

பூனை கொஞ்சம் யோசித்தது. மண்டபத்தில் இதே கேள்வி வரும்போது மைக் பிடித்தவர் சொல்லும் பதில் நினைவுக்கு வந்தது.

"உன் மனதில் எங்கோ சந்தேகம் இருக்கிறது செல்லம். அதனால்தான்."

குட்டி தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அம்மாவை வரவிடாமல் தடுத்தது தான்தான் என்று அது நம்பிவிட்டது.

சலேத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கரையோரமாக நடந்தவள், ஈர மணலில் புழு கொத்திக்கொண்டிருந்த ஓர் உள்ளானின் முன்னால் போய் நின்றாள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பறந்து வரும் சின்னப் பறவை அது.

"நீ உலகம் சுற்றியவள். பிரபஞ்சத்துக்குக் காது உண்டா, சொல்."

உள்ளான் அலகைத் துடைத்துக்கொண்டது. "நட்சத்திரங்களைப் பார்த்து வழி பிடித்துத்தான் நான் வருகிறேன். நான் நினைக்கிறேன் என்பதற்காக ஒன்றுகூடத் தன் பாதையை விட்டு விலகியதில்லை. விலகியிருந்தால் என்றோ கடலில் விழுந்து செத்திருப்பேன்."

"அப்படியானால் இந்தக் குட்டிக்கு விடிவே இல்லையா?"

"யார் சொன்னது? பௌர்ணமி அன்று போய்விடுமே."

சலேத் திகைத்து நின்றாள்.

உள்ளான் விளக்கியது. "கடலை நிலா இழுக்கிறது. சூரியனும் இழுக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நிலா, சூரியன், பூமி மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். அப்போது இரண்டு இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஏற்றம் பெரிதாக இருக்கும். அன்றைக்குத் திட்டு மூழ்கும். குட்டி உள்ளே வந்ததும் அப்படி ஒரு நாளில்தானே?"

"இதெல்லாம் தெரிந்துமா இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாய்?"

"நீ கேட்கவில்லையே. நான் புழுவுக்கு வந்தவள்."

"ஒரு பிள்ளை பக்கத்தில் கிடந்து அழுகிறது. தெரிந்தவள் சொல்ல வேண்டாமா?"

உள்ளான் ஓரடி எடுத்து அவளருகே வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் திட்டுக்கு மேலே கொஞ்சநேரம்தான் நிற்கும். குட்டி வாலை அடித்துத் தாண்ட வேண்டும். இப்போது இருக்கிற நிலையில் அதனால் முடியாது."

சலேத் கோயிலுக்குத் திரும்பி நடந்தாள். மனம் கனத்தது. நிலா இழுத்துத்தான் கடல் வரும் என்றால் அவளுடைய ஜெபம் எதற்கு? வரப்போகும் நாள் முன்பே முடிவாகியிருந்தால் ஆண்டவருக்கு இதில் என்ன வேலை? பங்குத்தந்தை கயிற்றை அவிழ்த்ததுகூட அவருக்கு இளகிய மனசு என்பதால்தானோ என்று தோன்றியது. அதை நினைக்கவே பயமாக இருந்தது. வழக்கமாக வேண்டும் மரத்தடியில் போய் நின்றாள். வாயில் ஜெபம் வரவில்லை. கடைசியில், "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆண்டவரே. அந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து வாடைக்காற்று பலமாக வீசியது. கடல் கொந்தளித்தது. ஒரு படகும் போகவில்லை.

காற்று சற்றுத் தணிந்த காலையில் உள்ளான் கோயில் வளாகத்துக்கே பறந்து வந்தது. இதுவரை அது அங்கே வந்ததில்லை.

"அக்கா, உப்பளத்துப் பக்கம் போய்ப் பார். காற்று கடற்புல்லைப் பிடுங்கிக் கரையெல்லாம் கொட்டியிருக்கிறது."

சலேத் ஓடினாள். பச்சைப்புல் குவியல் குவியலாகக் கிடந்தது. வாய்கொள்ளும் மட்டும் கவ்விக்கொண்டு கழிக்கு வந்து போட்டாள். தொண்டையில் உப்புக் கரித்தது. மறுபடியும் ஓடினாள்.

புல் குட்டியின் மூக்கருகே மிதந்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சாப்பிடு பிள்ளை."

"மாட்டேன் அத்தை. சாப்பிட்டால் அம்மா வரமாட்டாள்."

சலேத் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை. இந்த முடிச்சைப் போட்டவனால்தான் அவிழ்க்க முடியும் என்று அவளுக்குப் புரிந்தது. பூனையைத் தேடிப் போனாள்.

மேனேஜர் படகுத்துறையில் சுருண்டு கிடந்தது. மண்டபத்தில் முகாம் இல்லை, சமையல் இல்லை. காற்று வீசிய நாளெல்லாம் அது கண்ணை மூடி மீனை நினைத்தது. திறந்தபோதெல்லாம் வெறும் மணல். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

"என் மனதில் சந்தேகமே இல்லை அக்கா," என்றது. "ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் மீன் வரவில்லை."

சலேத் அதைக் குத்திக்காட்டவில்லை. பக்கத்தில் படுத்துத் தன் உடம்புச் சூட்டைக் கொடுத்தாள். கொஞ்சம் கழித்துத்தான் பேசினாள்.

"குட்டி உன் பேச்சை நம்பிப் பட்டினி கிடக்கிறது. நீ வந்து சொன்னால்தான் சாப்பிடும்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தது. அதன் கண்ணில் பயம் தெரிந்தது. "அதனிடம் நான் என்ன சொல்லிவிட்டேன்," என்று முணுமுணுத்தபடி எழுந்து நடந்தது.

கழிக்கரையில் பூனை வெகுநேரம் நின்றது. மற்றவர்களுக்குப் பாடம் சொல்வது அதற்குப் பழக்கம். தப்பை ஒத்துக்கொள்வது பழக்கமில்லை.

"செல்லம், மாமா சொன்னது தப்பு. உன்மேல் ஒரு குறையும் இல்லை. அம்மா வராததற்கு நீ காரணம் இல்லை. கடலுக்கு ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு வரும். அதற்கு உனக்குத் தெம்பு வேண்டும். சாப்பிடு."

குட்டி கண்ணைத் திறந்தது. "நான் காரணம் இல்லையா?"

"இல்லவே இல்லை."

குட்டி ஒரு புல்லை இழுத்து மென்றது. பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்தவே இல்லை.

அப்புறம் பௌர்ணமிவரை மூவருக்கும் ஓய்வில்லை. உள்ளான் மேலிருந்து பார்த்துப் புல் கிடக்கும் இடத்தைச் சொல்லும். சலேத்தும் மேனேஜரும் கவ்வி வருவார்கள். பூனை வாய் சிறியது. ஆனாலும் ஓயவில்லை. காற்று அடங்கிப் படகுகள் போக ஆரம்பித்ததும், மீனைத் தின்ற கையோடு கழிக்கு வந்துவிடும்.

நடுவில் ஒருநாள் சலேத் உள்ளானிடம் சொன்னாள்: "நட்சத்திரங்களுக்குப் பாதை போட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்."

"இருக்கலாம் அக்கா. நான் பாதையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்."

"எனக்கு அவரைத்தான் கொஞ்சம் தெரியும். பாதை இப்போதுதான் தெரிகிறது."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

பௌர்ணமி அன்று நண்பகல் தாண்டியது. தண்ணீர் திட்டின் விளிம்பை நக்கியது. மேனேஜர் வானத்தை அண்ணாந்து பார்த்தது.

"வானத்தில் நிலாவையே காணோமே?"

"நம் காலுக்குக் கீழே, பூமியின் அந்தப் பக்கம் இருக்கிறது," என்றது உள்ளான். "கண்ணில் படாவிட்டாலும் அதன் வேலை நடக்கும். அங்கே கடல் மேடு கட்டும்போது இங்கேயும் கட்டும். பொறு."

அலை ஒன்று திட்டைத் தாண்டி வழிந்தது. அடுத்தது இன்னும் உயரமாக வந்தது. திட்டின் நடுவே தண்ணீர் மூடியது. அப்பாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அம்மா.

குட்டி பாய்ந்தது. பாதித் திட்டில் வயிறு மணலில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. குட்டி நடுங்கியபடி திரும்பிப் பார்த்தது.

"மாமா, நான் இப்போது என்ன நினைக்கட்டும்?"

மேனேஜருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அது கழுத்தளவு நீரில் இறங்கி, குட்டியின் அருகே போய்க் கத்தியது.

"ஒன்றும் நினைக்காதே கண்ணு. வாலை அடி!"

குட்டி அடித்தது. மறுபடியும் அடித்தது. சலேத் பின்னாலிருந்து நெற்றியை வைத்து முட்டினாள். ஓர் அலை வந்து தூக்கியது. சாம்பல் நிற முதுகு ஒன்று நழுவிப்போய், பெரிய சாம்பல் முதுகு ஒன்றோடு சேர்ந்துகொண்டது.

சலேத் நனைந்த முழங்காலோடு மண்டியிட்டு நன்றி சொன்னாள். உள்ளான் அவள் முடிக்கும்வரை பேசாமல் காத்திருந்தது. மேனேஜர் நடுங்கிக்கொண்டே வந்து அவள் விலாவோடு ஒட்டி உட்கார்ந்து, கடலைப் பார்த்தது.

கடல் யாருடைய நினைப்புக்காகவும் முந்தி வராது. அது வரும்வரை பக்கத்தில் இருப்பவரின் பசியைத் தீர்த்து, உயிரோடு வைத்திருப்பதே உண்மையான நம்பிக்கை.