பேனலுக்குப் பச்சைப் பெயிண்ட்

டாக்டர் பரஞ்சோதியின் கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தபோது, "ஜாவா தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை" என்றான் சிங்கமுத்து. மேனேஜர் கேட்டது கம்ப்யூட்டர் மொழியை; அவன் சொன்னது ஜாவா மோட்டார் சைக்கிளை. மேனேஜருக்குப் பரம திருப்தி. அவன் கூட்டாளிகள் அருணகிரியும் குழந்தையம்மாளும் அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் என்பதால் அவர்களுக்கும் வேலை கிடைத்தது.

அன்றைக்குக் கண் முகாம். பத்து மணிக்குள் கம்ப்யூட்டர் திரையில் பெயர் பதிகிற பேனல் போய், அதே இடத்தில் பரிசோதனை பேனல் வந்தாக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள்.

அந்த மென்பொருளை எழுதிய ரெஜினா மதுரையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, சிங்கமுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். பழைய பேனலை எடுத்தாயிற்று. புதியதைச் சேர்த்தாயிற்று. திரையில் பழையதே குத்துக்கல்லாட்டம் நின்றது.

"எடுத்துட்டோம்னு அதுக்கு யாராச்சும் சொன்னீங்களா?" என்றான் அருணகிரி.

நியாயமான கேள்வி. குழந்தையம்மாள் திரையைப் பார்த்துக் கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்றாள்.

"வாங்கன்னு சொன்னா எப்படிப் போகும்?" என்று சிங்கமுத்து சிடுசிடுத்தான்.

மறுபடி ரெஜினாவுக்குப் போன். "அண்ணே, ரீபெயிண்ட் பண்ணினீங்களா? பண்ணினாத்தான் புதுசு தெரியும்." அவள் சொன்னது திரையைப் புதுப்பிக்கும் கட்டளையை.

அடடா! அருணகிரி பெயிண்ட் கடைக்குப் பறந்தான். புது பேனல் பச்சை நிறம் என்பதால் பச்சை டப்பா.

"ஒரு தடவை அடிச்சாப் போதுமா?" என்றாள் குழந்தையம்மாள்.

"ஒரு தடவை அடிச்சா அது பெயிண்ட். மறுபடி அடிச்சாத்தான் ரீபெயிண்ட்."

திரை முழுக்க இரண்டு தடவை அடித்தார்கள். பழைய பேனல் பொட்டுக்கூடத் தெரியவில்லை. சிங்கமுத்துவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

டான் என்று பத்து மணிக்கு டாக்டர் வந்தார். திரையைக் கிட்டே போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார்.

"என்னய்யா இது? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், ஊருக்கே கண் வைத்தியம் பார்த்த மனுஷன்! சிங்கமுத்து அவர் கையைப் பிடித்து, "படி இருக்கு சார், பார்த்து" என்று வாசலுக்கு அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தான்.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"யோவ், கையை விடுய்யா!"

"பயப்படாதீங்க சார்" என்று அறுபத்தோராம் நம்பர் டோக்கனை அவர் கையில் திணித்தான் சிங்கமுத்து. "டாக்டர் வர்ற நேரந்தான். வந்ததும் உங்களை முதல்ல பார்க்கச் சொல்றேன்."