கஸ்பாரின் அரை மணி நேரம்

கடற்கரை ஊர் ஒன்றில் இஞ்ஞாசி என்றொரு பங்குச்சாமியார் இருந்தார். வயது முப்பத்து மூன்று. அவரிடம் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள வந்த கஸ்பாருக்கு அறுபத்தொன்று.

கஸ்பார் கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. அவருடைய ஒரே மகன் பிரிட்டோ, பதினேழு வயதுப் பிள்ளை, சித்தப்பா லியோனின் வள்ளத்தில் கடலுக்குப் போனது அந்த வருடம்தான். காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. லியோன் நீந்திக் கரையேறினான். பிள்ளை கிடைக்கவே இல்லை.

கஸ்பார் தம்பியை அடிக்கவில்லை. ஒரு சொல் ஏசவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவனுக்கும் கை குவித்தார். போன ஐப்பசியில் நெஞ்சு நோவு கண்டு லியோன் செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தார். இந்த மனசு யாருக்கு வரும் என்று ஊர் பேசிக்கொண்டது.

இஞ்ஞாசி அவருக்குக் கொடுத்த பயிற்சி சின்னது. காலைப் பூசை முடிந்ததும் அரை மணி நேரம் ஆண்டவர் முன்னால் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று வாரம் உட்கார்ந்தார். நான்காவது வாரம் ஒரு காலை, விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. கோயிலில் வேறு யாரும் இல்லை. கஸ்பார் எழுந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாமியாரிடம் வந்தார்.

"என்னால முடியல சாமி."

"என்ன ஆச்சு?"

"உட்கார்ந்ததும் லியோன் வந்துடுறான். நான் அவனைத் தண்ணிக்குள்ள பிடிச்சு அமுக்குறேன். அரை மணி முடிஞ்சு மணி அடிக்கிற வரைக்கும் அமுக்குறேன்."

"தினமுமா?"

"ஆறு வருசமா. இங்க மட்டும் இல்ல, சாப்பிடும்போது, வலை பின்னும்போது எல்லாம். செத்தா போயிடுவான்னு நினைச்சேன். போகல."



கஸ்பாரின் குரல் தணிந்தது. "ஒண்ணு கேட்கணும். உசுரோட இருந்தப்பவே அவனை நான் தொட்டதில்ல. இப்போ ஆளே இல்ல. மண்டைக்குள்ள நடக்கிறது யாருக்குத் தெரியுது? இதுல யாருக்குச் சாமி கெடுதல்?"

இஞ்ஞாசி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கஸ்பார் உட்கார்ந்தார்.

"வள்ளம் போன அன்னைக்குக் கரையில நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். போகாதேன்னு சொன்னேன். வானம் கறுத்துட்டு வருது, பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதேன்னேன். சிரிச்சான். வெத்தலை போட்டிருந்தான். கீழ்ப்பல்லு எல்லாம் சிவப்பு."

"லியோன் என்ன சட்டை போட்டிருந்தார்?"

"நீலம்." பதில் உடனே வந்தது. "கை மடிச்சு விட்டது. மேலேயிருந்து ரெண்டாவது பொத்தான் கிடையாது. ஊக்கு குத்தியிருந்தான்."

"பிரிட்டோ?"

கஸ்பார் வாயைத் திறந்தார்.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"பிரிட்டோ அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் ஐயா?"

"வெள்ளை... இல்ல. அது சின்னப் பிள்ளையில, கோயில்ல புதுநன்மை எடுத்தப்போ." அவர் நெற்றியைத் தேய்த்தார். "பக்கத்துலதான் நின்னான். லியோன் பக்கத்துலதான்."

"சரி, போகட்டும். அவன் முகத்தைச் சொல்லுங்க."

"மாநிறம். தலைமுடியை ஒதுக்கி வாரி, இந்தப் பக்கம் பார்த்த மாதிரி..."

"அது உங்க வீட்டுல மாட்டியிருக்கிற போட்டோ."

கஸ்பார் நிறுத்தினார்.

"உங்களை எப்படிக் கூப்பிடுவான்?"

"அப்பான்னு."

"அந்தக் குரல்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் இருக்கேன்."

கஸ்பார் கண்ணை மூடினார். சாமியார் அவர் பக்கம் திரும்பாமல் காத்திருந்தார். தூம்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கஸ்பாரின் தோள் குலுங்கத் தொடங்கியது.

"லியோன் குரல்தான் சாமி வருது," என்றார். "அவன் குரல் இல்ல. எம்பிள்ளை குரல் எங்க போச்சு?"

இஞ்ஞாசி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வலைக்கயிறு அறுத்துக் காய்த்துப்போன கை அது. அழுகை அடங்கும்வரை விடவில்லை.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் கஸ்பார்.

"நாளைக்கும் வந்து உட்காருங்க."

"லியோன் வருவானே."

"வரட்டும். ஆண்டவர் முன்னாலேயே வரட்டும். கடைசி வரைக்கும் பிள்ளை கூட இருந்தவர் லியோன்தான். அமுக்காம, பிரிட்டோ என்ன சட்டை போட்டிருந்தான்னு அவர்கிட்டயே கேளுங்க."