நான் எழுதிய சட்டம், அவள் போட்ட மனு

செம்பனூர் மன்னர் மாறவேந்தரின் சபையில் நான்தான் மகா புத்திசாலி. ஊரில் எல்லாரும் இதைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். பெயர் கூத்தபிரான்.

விவாகரத்துக்குச் சட்டம் எழுதும் வேலையை மன்னர் என்னிடம்தான் கொடுத்தார். லேசில் யாருக்கும் கிடைக்காதபடி எழுதினேன். முதலில் மனு. பிறகு எதிராளிக்கு ஓலை. அப்புறம் மன்னரே இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேச வேண்டும். அது பலிக்காவிட்டால் விசாரணை. பிரிந்து வாழ்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது, நம்பகமான சாட்சி வேண்டும். "இத்தனையும் தாண்டி எவன் வருவான்!" என்று மார்தட்டினேன்.

மறுவாரமே முதல் மனு வந்தது. போட்டவள் என் மனைவி செண்பகவடிவு.

அவள்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதை அவளிடம் சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை.

மன்னர் சமரசம் பேச உட்கார்ந்தார். "என்னம்மா குறை?"

"இவர் என்னைப் பிரிஞ்சு வருஷக்கணக்காச்சு, மகாராஜா."

நான் துள்ளி எழுந்தேன். "பொய்! ஒரே வீட்லதானே இருக்கோம்? சாட்சி எங்கே?"

அவள் மன்னரைப் பார்த்தாள். "இவர் தினம் யார்கூட உக்காந்து சாப்பிடறார்?"

மன்னர் நெளிந்தார். "என்கூட."

"தூக்கம் வரலைன்னு கதை சொல்லக் கூப்பிடறது?"

"நான்தான்."

"போன தீபாவளிக்கு?"

"இங்கேதான் இருந்தான்," என்றார் மன்னர், தலையைக் குனிந்துகொண்டு.

சபை கொல்லென்று சிரித்தது. நான் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். "அரசே! சாட்சி சொன்னவர் தீர்ப்பு சொல்ல முடியாது. வழக்கு செல்லாது!"

"சரி, அவர் விலகட்டும்," என்றாள் செண்பகவடிவு. "மன்னர் விலகினா மகாராணி விசாரிக்கணும்னு எழுதினது யாராம்?"

நான்தான். வேறு யார்?

மகாராணி வந்து அமர்ந்தார். மன்னரை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மாளும் தீபாவளிக்குத் தனியாகத்தான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு விவாகரத்து கொடுத்திடட்டுமா, செண்பகம்?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்கம்மா? குடித்தனம் நடத்துறது இவங்க ரெண்டு பேரும்தான். ரத்தை அங்கே பண்ணுங்க!"

"பண்ணியாச்சு!" என்றார் மகாராணி.

மன்னர் பதறிவிட்டார். "ஐயோ! இவனைப் பார்க்காம நான் எப்படி இருப்பேன்?"

"அதுக்கும் இவர் சட்டத்திலேயே வழி இருக்கே," என்றார் மகாராணி. " பிரிஞ்சுபோன தகப்பன் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்துக்கலாம். செண்பகம் கூடவே இருப்பா."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றினார். வழக்கம்போல் நான் கழுத்தை நீட்டினேன். மாலை என்னைத் தாண்டிப்போய்ச் செண்பகவடிவின் கழுத்தில் விழுந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம். வழி ஞாபகம் இருக்கா, நான் முன்னாடி போகட்டுமா?"