ஏழு தடவை அணைந்த வெளிச்சம்

"டீச்சர், என் நுங்கி வளராம இருக்க ஒரு வழி சொல்லுங்க," என்றாள் செலின்.

செம்மணல் மேடான அந்தத் தேரியில் பிராணி வளர்க்கிறவர்களுக்கெல்லாம் மரியபுஷ்பம்தான் டீச்சர். அவள் பனைமர உயரத்துக்கு வளர்ந்த தன் பனையன்மேல் ஏணியைச் சாத்தி, அதில் ஏறி நின்று, தேங்காய் நாரால் அதன் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பனையன் சுகத்தில் கண்ணை மூடியிருந்தது.

"எல்லாரும் வளர்க்க வழி கேட்டு வருவாங்க. நீ ஒருத்திதாம்ட்டி தலைகீழா வந்திருக்க."

செலினின் இடுப்பில் நுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குழந்தை அளவு. மூன்று கண். தொட்டால் குழையும் உடம்பு.

நுங்கி வளர்ந்தால் ஓடு மூடிப் பனங்காயன் ஆகும். அதுவும் வளர்ந்தால் பனையன். மாறப்போகும் நேரம் உடம்பில் வெளிச்சம் ஏறும். அப்போது வளர்க்கிறவர் உச்சியில் கை வைத்து "இரு" என்று சொன்னால் போதும், அணைந்துவிடும்.

"எத்தனை தடவ 'இரு'ன்னு சொன்ன?"

"ஏழு."

"சித்திரை வெயில் வரப்போகுது. ஓடு இல்லாத நுங்கி என்னாகும்?"

செலின் தரையைப் பார்த்தாள். "காஞ்சு போயிரும்."

"தெரிஞ்சுமா?"

"பயமா இருக்கு டீச்சர். என் முந்தானையைச் சப்பிக்கிட்டுத்தான் இது தூங்கும். ஓட்டுக்குள்ள போயிட்டா, என்னை அதுக்குத் தெரியுமா?"

டீச்சர் ஏணியிலிருந்து இறங்கினாள்.

"கீழ விடு. கையைக் கட்டிக்க. வாயைத் திறந்தியோ, இந்த நாரை உள்ள திணிச்சிருவேன்."

உச்சி வெயில் வரை காத்திருந்தார்கள். நுங்கி சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் வைத்தது.

பிறகு அதன் வயிற்றில் ஒரு பொட்டு வெளிச்சம்.

செலின் உதட்டைக் கடித்தாள். கை அசையவில்லை. வாய் திறக்கவில்லை.

வெளிச்சம் நெஞ்சுக்கு ஏறியது. கழுத்துக்கு வந்தது.

நுங்கி மூன்று கண்ணாலும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துக்கொண்டே, வந்த வெளிச்சத்தைத் தானே விழுங்கிக்கொண்டது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது.

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"இல்ல. சொல்லல."

"பின்ன ஏன் அணைச்சுக்கிச்சு?"

டீச்சர் ஏணியைத் தூக்கிப்போய்ப் பனையனின் அடுத்த காதுப்பக்கம் சாத்தினாள்.

"என்னவோ கேட்டியே. உன்னைத் தெரியுமான்னுதானே? நீ சொல்லாததும் அதுக்குக் கேட்குது."

செலின் கட்டிய கையை அவிழ்த்தாள். பிறகு சுடுமணலில் மண்டியிட்டாள். நுங்கியின் காதோரம் தோல் சுருங்கத் தொடங்கியிருந்ததை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

வயிற்றில் மறுபடியும் அந்தப் பொட்டு.

அவள் அதன் உச்சியில் கை வைத்தாள். பழகிய சொல் வரும் என்று நுங்கி கைக்கடியில் ஒடுங்கிக் காத்திருந்தது.



"போயிட்டு வா, தங்கம்."

விரலிடுக்கெல்லாம் வெளிச்சம்.