அரிசிக்குள் ஓடிய வாட்ச்

கோயம்புத்தூர் மில் முதலாளி தெய்வசிகாமணிக்குப் பழைய சுவிஸ் வாட்சுகள் என்றால் உயிர். வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒன்றைக் காட்டி, "இதுக்குச் சாவி வேண்டாம், கை ஆட்டத்துலயே ஓடும். கழட்டி வெச்சா ரெண்டு நாள்ல நின்னுரும்" என்று பீற்றிக்கொள்வார். காப்பித் தட்டோடு நின்று வேலைக்காரி மயிலாத்தா அதை நூறு தடவை கேட்டிருப்பாள்.

அந்த வாட்ச் தொலைந்த ஒன்பதாம் நாள், அடைமழையில், அவள் வீட்டு அரிசி டிரம்மைக் கவிழ்த்து ஏட்டு அதை எடுத்தார். அவள் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தவர்கள் அப்போதே குடையை விரித்துக் கிளம்பிவிட்டார்கள்.

"ஒம்போது நாளா இங்கயே ஒளிச்சு வெச்சிருக்கா திருட்டுக் கழுதை! இல்லைன்னா சாட்சி கொண்டா பார்ப்போம்" என்று கூடவே வந்திருந்த முதலாளி வாட்சை வாங்கிக்கொண்டு கத்தினார்.

"சாட்சி உங்க கையிலயே இருக்குதுங்க. காதுல வெச்சுப் பாருங்க" என்றாள் மயிலாத்தா.

ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டின் வாட்சில் மணி நாலேகால், இதிலும் நாலேகால்.

"ரெண்டு நாள்ல நிக்கறது, ஒம்போது நாளா அரிசிக்குள்ள எப்படிங்க சரியா ஓடும்? நேத்தோ முந்தாநாளோ வரைக்கும் யாரோ கட்டியிருக்காங்க."

முதலாளியோடு வந்திருந்த அவர் மகன் கிருபாகர் சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டான். ஏட்டு அதைச் சுருட்டினார். மணிக்கட்டில் வெள்ளையாக வாட்ச் தடம்.

"காலேஜுக்குக் கட்டிட்டுப் போனேம்ப்பா. நேத்து நீங்க போலீசுன்னதும் பயந்து இங்க வந்து போட்டுட்டேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி சரி, நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வந்துரு."

மயிலாத்தா ஈரத்தரையில் சிதறிய அரிசியை முறத்தில் அள்ளிக்கொண்டே சொன்னாள்: "நின்ன வாட்சைக் கையில கட்டுனா மறுபடி ஓடுமுங்க. போன சம்பந்தம் திரும்பி வருமுங்களா?"