ராப்பா, ஜாஸா, ரேவா?

“மாஸ்டர், இதை அழிச்சிடவா?” என்று கேட்டுக்கொண்டேதான் இன்பசேகரன் உள்ளே வந்தான்.

வடபழனியில் இருக்கும் அந்த ஒலிக்கலவைக் கூடம் ரெஜினாவுடையது. அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் தொழில் கற்றுக்கொண்டது அவளிடம் என்பதால், அவனுக்கு அவள் மாஸ்டர்தான்.

“எதை அண்ணா?”

“ஆல்பத்தைத்தான். இருந்த வேலையை விட்டுட்டு, வீட்டுல எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டு பண்ண முதல் ஆல்பம்.”

“நல்லா வரலையா?”

“அதுதான் தெரியல. ராப் பாடுற பசங்க, இது ராப்பே இல்லைங்கிறாங்க. ஜாஸ் வாசிக்கிறவங்க கேட்டுட்டுச் சிரிச்சாங்க. ரேவ் பார்ட்டியில போட்டேன், ஆடிட்டு இருந்தவங்க தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. நான் என்னதான் பண்ணி வச்சிருக்கேன், மாஸ்டர்?”

பாவம், ஆளுக்கு ஒன்றைச் சொல்லி அவனை ஒரு வழி பண்ணியிருந்தார்கள்.

“போடுங்க,” என்றாள்.

போட்டான். ராப் வந்தது. சாக்ஸபோன் வந்தது. கம்ப்யூட்டர் தாளம் சுவரை அதிரவைத்தது.

ரெஜினா எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். அது அவள் வழக்கம். உள்ளே காதுக்குத் தப்பும் குறை வெளியே நின்று கேட்டால் மாட்டிக்கொள்ளும் என்பாள்.

திரும்பி வந்து கேட்டாள். “பாடுனது யாரு?”

“நான்தான்.”

“சாக்ஸபோன்?”

“அதுவும் நான்தான். என்ன மாஸ்டர், தெரியாத மாதிரி கேக்குறீங்க?”

“வெளியே நின்னு கேட்டா நீங்கன்னு தெரியல.”

அவனுக்குத் தலை சுற்றியது. இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

“அப்போ ராப்பை எடுத்திடவா? இல்ல, ஜாஸை எடுத்திடவா?”

“ஏற்கெனவே எதையோ எடுத்திருக்கீங்க.”

“எதையும் எடுக்கலையே! சுத்தம்தான் பண்ணேன். வரிக்கு நடுவுல இழுக்குற மூச்சு, சாக்ஸபோன் ஊதுறதுக்கு முன்னாடி வர்ற மூச்சு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம வெட்டிட்டேன். மாசக்கணக்குல உக்காந்து.”

அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் பெருமை.

ரெஜினா மைக்கை இழுத்து அவன் வாயருகே வைத்தாள். ரெக்கார்டிங்கைப் போட்டாள்.

“முதல் பாட்டைப் பாடுங்க. நீங்க வெட்டி வச்சிருக்கிற மாதிரியே பாடணும். நடுவுல மூச்சு வாங்கக் கூடாது.”

“அது எப்படி முடியும்?”

“பாடுங்க அண்ணா.”

பாடினான். சில வரிகள் ஓடின. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. அடுத்த வரி பாதியில் அறுந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன்போல் ஹக்கென்று மூச்சை இழுத்தான்.

ரெஜினா பாட்டை விட்டுவிட்டு அந்த ஹக்கை மட்டும் தனியே எடுத்தாள். பெரிய ஸ்பீக்கரில் போட்டாள்.

கூடம் முழுக்க ஒரு மனுஷன் மூச்சு வாங்கினான்.

இன்னொரு முறை போட்டாள்.

இன்பசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வெட்டின மூச்சையெல்லாம் திரும்பச் சேர்க்க முடியுமா, மாஸ்டர்?”